பிள்ளை கேட்கும்போது வாயைப் பொத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

"சின்னப் பிள்ளைகளுக்கு இனமும் தெரியாது, மதமும் தெரியாது; நாங்கள் கிளறிவிடாமல் இருந்தால் போதும்" என்ற பேச்சைப் பெற்றோர் கூட்டங்களிலும் மேடைகளிலும் அடிக்கடி கேட்கிறோம். நல்லெண்ணத்தில் சொல்லப்படுகிற பேச்சுத்தான், ஆனால் உண்மைக்குப் பொருந்தாதது. கொழும்பில் முன்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். மூன்று வயது முதல் எட்டு வயது வரையான பிள்ளைகளோடு இனம், நிறம், மொழி, மதம் பற்றிக் கதைக்கத்தான் வேண்டும். எப்படிக் கதைப்பது என்பதைப் பெரியவர்கள்தான் முதலில் பழக வேண்டும்.

பிறந்த குழந்தை எந்த இனத்து முகத்தையும் ஒரேமாதிரித்தான் பார்க்கிறது. மூன்று மாதமாகும்போது, தன்னைச் சுற்றி அதிகம் காணும் முகங்களைப் போன்றவற்றையே அது கூடுதல் நேரம் பார்க்கிறது. 2006 இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வொன்றில், கறுத்த முகங்களையும் வெள்ளை முகங்களையும் சேர்த்தே கண்டு வளர்ந்த எத்தியோப்பியக் குடும்பக் குழந்தைகளிடம் இந்தச் சாய்வு இருக்கவில்லை. மொழியும் அப்படித்தான். ஐந்தாறு மாதக் குழந்தை தன் வீட்டு மொழியில் பேசியவரைக் கூடுதலாகப் பார்க்கிறது. ஐந்து வயதில் தன்னைப்போலவே உச்சரிக்கும் பிள்ளையை நண்பராகத் தெரிவு செய்கிறது என்று 2007 இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. இதில் வெறுப்பு எதுவும் இல்லை, பழக்கம் மட்டுமே உண்டு. அந்தப் பழக்கத்துக்கு ஒரு பொருளை ஏற்றிவிடுகிறவர்கள் பெரியவர்கள். வாயால் சொல்வதைவிட, சொல்லாமல் நிறுத்துவதால்தான் அதை அதிகம் ஏற்றுகிறோம்.

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நாள்தோறும் நடப்பதைப் பாருங்கள். பிள்ளை தமிழில் சத்தமாகக் கதைக்கிறது. தாய் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தமிழில கத்தாத" என்று அடக்குகிறார். 1958, 1983 இனக்கலவரங்களைக் கண்ட குடும்பங்களில் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்த வரலாறு பிள்ளைக்குத் தெரியாது. எங்கள் மொழி ஒளித்து வைக்க வேண்டிய ஒன்று என்று மட்டும் அதற்கு விளங்கும். சத்தம்தான் பிரச்சினை என்றால் சத்தத்தைச் சொல்லுங்கள்: "பஸ்ஸில எல்லாரும் இருக்கினம், மெதுவாக் கதைப்பம்." சொன்னபின் நீங்களே தொடர்ந்து தமிழில் கதையுங்கள். உண்மையிலேயே யாரோ முறைத்துப் பார்த்தார்கள், பேசாமல் இருப்பதே நல்லது என்று பட்டது என்றால், இறங்கிய பிறகு காரணத்தைச் சொல்லிவிடுங்கள்: "சில பேருக்கு எங்கட மொழி கேட்டால் கோவம் வருது. அது அவையின்ர பிழை. எங்கட மொழியில ஒரு பிழையும் இல்லை." அந்த மூன்று வசனத்தையும் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

பிள்ளையின் கேள்வி பெரும்பாலும் வசதியில்லாத இடத்தில்தான் வரும். மருதானைப் புகையிரத நிலையத்தில் நின்று கையை நீட்டி, "அம்மா, அந்த அன்ரி ஏன் முழுக்கக் கறுப்பு உடுப்புப் போட்டிருக்கிறா?" என்று உரத்துக் கேட்கும். நீட்டிய கையைத் தட்டிவிட்டு "சூ" என்பதுதான் நாங்கள் எல்லோரும் முதலில் செய்வது. கேள்வி அப்படியே கிடக்கும். அந்த அன்ரியைப் பற்றிக் கதைப்பது கூடாத விசயம் என்பது மட்டும் பதியும். அந்தப் பெண்மணிக்கும் கேள்வியைவிட அந்தச் "சூ"தான் கூடுதலாக நோகும். பிள்ளையின் உயரத்துக்குக் குனியுங்கள். குரலைத் தாழ்த்தாமல் ஒரு வசனத்தில் உண்மையைச் சொல்லுங்கள்: "அதுக்குப் பேர் அபாயா. அம்மம்மா திருநீறு பூசுற மாதிரி, அவ தன்ர சமயத்துக்காக அதைப் போடுறா." அதோடு நிறுத்துங்கள். நாலு வயதுக்கு ஒரு வசனம் போதும். இன்னும் வேண்டுமென்றால் பிள்ளை தானே அடுத்த கேள்வியைக் கேட்கும். கை நீட்டக்கூடாது என்பதைப் பிறகு தனியாகச் சொல்லலாம். இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் கண்டிப்பு மட்டுமே நினைவில் நிற்கும். பதில் தெரியாவிட்டால் "எனக்கும் தெரியேல்ல, வீட்ட போய்ப் பாப்பம்" என்று சொல்வதில் குறையில்லை. ஆனால் அன்றிரவே அந்தப் பேச்சை நீங்கள்தான் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த கேள்வி உங்களிடம் வராது. மூத்த வகுப்புப் பிள்ளையிடமோ யூடியூப்பிடமோ போகும்.

அடுத்தது, எங்கள் கருத்தில் எல்லாவற்றிலும் முக்கியமானது: "அவை எல்லாரும் இப்பிடித்தான்" என்ற வசன அமைப்பு. 2012 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், கற்பனையாக உருவாக்கிய ஒரு கூட்டத்தாரைப் படப்புத்தகம் மூலம் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினார்கள். சிலருக்கு "இவர் வண்டுக்குப் பயப்படுகிறார்" என்று ஒவ்வொருவராகவும், வேறு சிலருக்கு "இந்த ஆட்கள் வண்டுக்குப் பயப்படுவார்கள்" என்று கூட்டமாகவும் சொன்னார்கள். கூட்டமாகச் சொல்லக் கேட்ட பிள்ளைகள், அந்தக் குணங்கள் பிறப்போடு வருபவை, மாறாதவை என்று நம்பும் பக்கம் சாய்ந்தார்கள். வண்டுக்குப் பயப்படுவதில் வெறுப்பான செய்தி ஏதும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வசனத்தின் அமைப்பே அந்த வேலையைச் செய்தது. ஆகவே "யாழ்ப்பாணத்து ஆக்கள் படிப்பில கெட்டி" என்ற பெருமையும் தீங்குதான். கணக்கு வராத யாழ்ப்பாணத்துப் பிள்ளையையும், கணக்கு நன்றாக வரும் மலையகப் பிள்ளையையும் அது ஒரே நேரத்தில் அடிக்கிறது.

மாற்று வழி எளிது: ஆளைச் சொல்லுங்கள், செய்த காரியத்தைச் சொல்லுங்கள், இனத்தை விட்டுவிடுங்கள். "சிங்களவன் ஏமாத்திப் போட்டான்" என்பதற்குப் பதில், "அந்த ஓட்டோக்காரர் மீற்றரைப் போடாமல் கூடக் காசு எடுத்துப் போட்டார்." கடைக்காரரின் பெயரைக் கேட்டறிந்து அந்தப் பெயராலேயே வீட்டில் குறிப்பிடுங்கள். முஸ்லிம்களையும் சிங்களவர்களையும் மலையக மக்களையும் குறிக்க எங்கள் வீடுகளுக்குள் புழங்கும் சில சொற்கள் இருக்கின்றன. அச்சில் ஏற்றாமலே எல்லோருக்கும் தெரியும். பிள்ளை தூங்கிவிட்டது என்று நினைத்துப் பேசப்படும் அந்தச் சொற்கள்தான் திங்கட்கிழமை முன்பள்ளிக்கு வருகின்றன. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனிக் கோப்பை வைத்திருக்கும் வீட்டில் சமத்துவம் பற்றிய படப்புத்தகம் ஒன்றும் செய்யாது. முதலில் அந்தக் கோப்பையை எடுங்கள்.

நிறத்துக்கு வருவோம். தமிழர் வீடுகளில் இது இனத்தைவிட முன்னதாகவே தொடங்கிவிடுகிறது, வயிற்றில் இருக்கும்போதே. குங்குமப்பூப் பால் குழந்தையின் நிறத்தை மாற்றாது. தோலின் நிறத்தைத் தீர்மானிப்பது மெலனின். அது எல்லோரிடமும் உண்டு, அளவும் வகையும்தான் வேறு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதை இப்படியே சொல்லலாம்: "எங்கட தோலுக்குள்ள மெலனின் எண்டு ஒண்டு இருக்கு. வெயில் சுடாமல் அது பாதுகாக்கும். சில பேருக்குக் கூட, சில பேருக்குக் குறைய. அது அழுக்கு இல்லை, கழுவினால் போகாது." கடைசி வசனத்தை விடவேண்டாம், அந்தச் சந்தேகம் பல பிள்ளைகளுக்கு இருக்கிறது. "வெயிலில விளையாடாத, கறுத்துப் போவாய்" என்று சொல்லும் இடத்தில் "தலையிடிக்கும், தொப்பியைப் போடு" என்று சொல்லுங்கள்.

வகுப்பில் செய்யக்கூடிய பயிற்சி, நிறம் கலப்பது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வெற்று ஐஸ்கிரீம் கோப்பை, அதில் இரண்டு தேக்கரண்டி பழுப்பு போஸ்டர் வர்ணம். மஞ்சள் அரைத் தேக்கரண்டி. சிவப்பும் வெள்ளையும் ஐஸ்கிரீம் குச்சி நுனியால் துளித் துளியாக. எல்லோரும் பழுப்பிலிருந்தே தொடங்க வேண்டும். வெள்ளையிலிருந்து தொடங்கினால் கறுப்பான பிள்ளை "நிறையக் கெடுக்க" வேண்டியதாகிவிடும், வர்ணமும் வீணாகும். நிறத்தைக் கருமையாக்கக் கறுப்பு வர்ணத்தைச் சேர்க்காதீர்கள். மஞ்சளோடு சேர்ந்து பாசிப்பச்சையாகிவிடும், பிள்ளை அழும். கரும்பழுப்பையோ மிகச் சிறிதளவு நீலத்தையோ சேர்க்கலாம். காய்ந்தபின் நிறம் சற்று மாறும் என்பதால், கடதாசியில் பூசி, உலர்ந்த பிறகு கையோடு வைத்துப் பார்க்க வேண்டும். தன் நிறத்துக்குப் பிள்ளையே பெயர் வைக்கட்டும். ஆசிரியர் தன் நிறத்தையும் கலக்க வேண்டும். "உடம்பு நிறம்" என்று ஒரேயொரு பென்சிலைக் கேட்கும் வழக்கம் அந்த வாரத்தோடு குறைந்துவிடும். அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் "சதை நிறம்" என்ற பெயரை 1962 இலேயே கைவிட்டது. எங்கள் வகுப்பறைகளில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது.

முன்பள்ளிக் கலைவிழாக்கள் பற்றிச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். சொல்லித்தான் ஆக வேண்டும். நாலு பிள்ளைகள்; ஒருவருக்குக் கண்டிச் சேலை, ஒருவருக்கு வேட்டி, ஒருவருக்குத் தொப்பி, ஒருவருக்குக் கவுன்; நடுவில் தேசியக் கொடி. இதில் பிள்ளை படிப்பது, உடுப்பைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்பதைத்தான். கொட்டாஞ்சேனையில் தமிழ்க் கத்தோலிக்கர் இருக்கிறார்கள். அதே தேவாலயத்தில் சிங்களவரும் முழங்காலிடுகிறார்கள். கொம்பனித்தெருவில் மலாய்க் குடும்பங்கள் இருக்கின்றன. தமிழை வீட்டு மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் நகரெங்கும் வாழ்கிறார்கள். சிங்களத் தகப்பனும் தமிழ்த் தாயும் உள்ள பிள்ளை, அந்த நாலு உடுப்பில் எதைப் போடுவது? அந்தப் பிள்ளையிடம் "நீ எந்தப் பக்கம்?" என்று எந்த ஆசிரியரும் கேட்கக்கூடாது.

நாலைந்து வயதில் ஓர் ஆளை ஒரு வகைக்குள் மட்டுமே வைத்துப் பார்க்க முடிகிறது என்பதுதான் உள்ளே இருக்கும் சிக்கல். அதைப் பயிற்சியால் தளர்த்தலாம். அஞ்சலட்டை அளவில் பதினாறு படங்கள் எடுங்கள். எல்லாம் அன்றாட உடுப்பில், அன்றாட வேலையில் இருக்கும் ஆட்கள்: மீன் விற்பவர், நேர்ஸ், பஸ் சாரதி, பாடசாலைப் பிள்ளை. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் இரண்டு மூன்று விபரம் எழுதுங்கள்: "நேர்ஸ். தமிழும் சிங்களமும் பேசுவார். கண்ணாடி போடுவார். மாதா கோவிலுக்குப் போவார்." முதலில் ஒரு கயிற்று வளையம்: கண்ணாடி போட்டவர்கள் உள்ளே. அடுத்த நாள் வேறொரு பிரிப்பு: இரண்டு மொழி பேசுபவர்கள். மூன்றாம் நாள் இரண்டு வளையத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பாதி விழும்படி வையுங்கள். கண்ணாடியும் இரண்டு மொழியும் உள்ளவர் நடுவில் வரவேண்டும். அந்த நடு இடம் விளங்கச் சில பிள்ளைகளுக்கு ஒரு வாரம் பிடிக்கும், அவசரப்படுத்த வேண்டாம். "இவர் என்ன ஆள், சொல்லு பாப்பம்?" என்று ஊகிக்க மட்டும் விடாதீர்கள், பிழையான ஊகம்தான் மனதில் ஒட்டும். இருவகைப் பிரிப்பில் பயிற்சி பெற்ற பிள்ளைகள், ஆண் வேலை, பெண் வேலை என்று முத்திரை குத்துவது குறைந்ததை 1992 இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அதே வேலையை இங்கே இனத்துக்குச் செய்யலாம்.

பொம்மைகள் பற்றி. 1940களில் அமெரிக்காவில் உளவியலாளர்களான கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் நிறம் தவிர வேறெதிலும் வேறுபடாத பொம்மைகளை 3 முதல் 7 வயதுக் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். பெரும்பாலானவர்கள் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றார்கள். 1954 இல் பாடசாலை நிறப்பிரிவினைக்கு எதிரான தீர்ப்பில் அந்த ஆய்வு இடம்பிடித்தது. புறக்கோட்டைக் கடைகளில் தொங்குவதும் பெரும்பாலும் வெள்ளைத்தோல், தங்கநிற முடிப் பொம்மைகள்தான். மூன்று நாலு பழுப்புத் துணி வாங்கி, ஒன்றரை அடிப் பொம்மையாகத் தைப்பிப்பது கஷ்டமில்லை. அதற்குப் பெயர், குடும்பம், வீட்டு மொழி, பிடித்த சாப்பாடு என்று ஒரு வாழ்க்கையைக் கொடுத்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். போன மாதம் தம்பி இருந்த பொம்மைக்கு இந்த மாதம் அக்கா முளைத்தால் பிள்ளைகள் உடனே பிடிப்பார்கள். பொம்மை விளையாட்டுப் பெட்டியில் கிடக்காது. ஆசிரியரின் மடியில் "விருந்தாளி"யாக வரும், பத்துப் பதினைந்து நிமிடம். முதல் இரண்டு வருகையும் சந்தோசமான செய்தியோடு. மூன்றாவதில்தான் ஒரு சங்கடம்: "என்ர சாப்பாடு மணக்குது எண்டு ஒருத்தன் மூக்கைப் பொத்தினான்." அவளுக்கு எப்படி இருந்திருக்கும், நாங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

இந்தப் பொம்மை முறை பிழையாகிப்போகும் இடங்கள் இரண்டு. முஸ்லிம் பொம்மையோ மலையகப் பொம்மையோ வரும்போதெல்லாம் அழுதுகொண்டு வந்தால், அந்த மக்கள் பாவப்பட்டவர்கள் என்ற புதிய முத்திரையை நாமே குத்துகிறோம். மற்றது, வகுப்பில் ஒரேயொரு முஸ்லிம் பிள்ளை இருக்கையில் அதே அடையாளமும் அதே பிரச்சினையும் உள்ள பொம்மையைக் கொண்டுவருவது. எல்லாக் கண்ணும் அந்தப் பிள்ளைமேல் திரும்பிவிடும்.

பிள்ளைகளைப் பிரித்து அழைப்பதிலும் கவனம் தேவை. முன்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிவப்பு, நீலச் சட்டை கொடுத்து, ஆசிரியர் அந்த நிறத்தைச் சொல்லியே வரிசைப்படுத்தியபோது, மூன்று வாரத்தில் தன் நிறக் குழுவின் பக்கம் சாயும் போக்கு வந்ததை 2006 இல் வெளியான ஆய்வொன்று பதிந்திருக்கிறது. சட்டை நிறத்துக்கே இப்படியென்றால், சமய பாட நேரத்தில் "முஸ்லிம் பிள்ளைகள் எழும்புங்கோ" என்று தினமும் சொல்வது என்ன செய்யும்? ஆசிரியரின் பெயரையோ அறையின் பெயரையோ சொல்லி அழைக்கலாம்.

"அவ சிங்களம், நான் அவவோட விளையாட மாட்டன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், முதலில் போக வேண்டியது தள்ளப்பட்ட பிள்ளையிடம். "அப்பிடிச் சொன்னது சரியில்லை. நீ எங்களோட விளையாடலாம்" என்று அந்தப் பிள்ளைக்கு விளங்கும் மொழியில் சொல்லுங்கள். பிறகு சொன்ன பிள்ளையிடம் ஒரே வசனம்: "ஆர் எந்த மொழி எண்டு பாத்து ஆரையும் விலத்துறது இந்த வகுப்பில இல்லை." கட்டாய மன்னிப்பு வேண்டாம், அது அடுத்த முறை டீச்சருக்குக் கேட்காமல் சொல்லத்தான் பழக்கும். பலவேளைகளில் "அவ சொல்லுறது எனக்கு விளங்கேல்ல" என்பதுதான் அடியில் இருக்கும். அப்படியானால் பேச்சு அதிகம் வேண்டாத, இரண்டு பேர் சேர்ந்தால்தான் முடியும் வேலையைக் கொடுங்கள்: பாயை இரு முனையில் பிடித்து மடிப்பது, தண்ணீர் வாளியைத் தூக்குவது. சமமான நிலை, ஒரே இலக்கு, கூட்டு உழைப்பு, மேலிருப்பவரின் ஆதரவு ஆகிய நாலும் சேரும்போதுதான் ஒருவரோடொருவர் பழகுவது பாரபட்சத்தைக் குறைக்கும் என்று அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஓல்போர்ட் 1954 இலேயே எழுதினார். தமிழ்மொழிப் பாடசாலையும் சிங்களமொழிப் பாடசாலையும் வருடத்தில் ஒரு நாள் சந்தித்து, கேக் வெட்டி, படம் எடுத்துப் பிரியும் நிகழ்ச்சிகளில் இந்த நாலில் ஒன்றாவது முழுதாக இருக்கிறதா என்று ஏற்பாட்டாளர்கள் பார்க்க வேண்டும்.

இழிசொல்லைக் கேட்டுவருவது எங்கள் பிள்ளையாகவும் இருக்கும். "புலி" என்று சொல்லிவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வரும் ஏழு வயதுப் பிள்ளையிடம், "அவங்கள் அப்பிடித்தான்" என்று பதிலுக்கு ஒரு கூட்டத்தைத் திட்டினால், மேலே சொன்ன வசனத்தையே கற்பிக்கிறோம். முழுக்கக் கேளுங்கள். "உன்னில பிழை இல்லை" என்று சொல்லுங்கள். இரண்டு மொழியிலும் ஒரு வசனத்தை வாய்விட்டுப் பழக்குங்கள்: "எனக்கு அப்பிடிச் சொல்லாத", "மட்ட எஹெம கியன்ன எபா". கண்ணாடி முன்னால் சில நாள் சொல்லிப் பார்த்தால்தான் தேவையான நேரத்தில் வாயில் வரும். அன்றைய திகதி, சொல்லப்பட்ட சொல், இடம், நின்றவர்கள் என எழுதி வகுப்பாசிரியருக்குக் கொடுங்கள். ஒன்றும் நடக்காவிட்டால் அதிபருக்கு, அதன்பின் வலயக் கல்வி அலுவலகத்துக்கு. இனம், மதம், மொழி, சாதி, பிறந்த இடம் காரணமாகப் பாரபட்சம் காட்டக்கூடாது என்று அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை சொல்கிறது. கடிதத்தில் அதைக் குறிப்பிடலாம். தொடர்ந்து துன்புறுத்தல் நடந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

வரலாற்றை எப்போது சொல்வது? ஐந்து வயதுக்குள் "முந்தி இங்க பெரிய சண்டை நடந்தது, நிறையப் பேர் கஷ்டப்பட்டவை, இப்ப நாங்கள் உன்னைப் பாத்துக்கொள்ளுவம்" என்பது போதும். குண்டுவெடிப்புக் காட்சிகளை அந்த வயதில் ரி.வி.யில் காட்டக்கூடாது, திரும்பத் திரும்ப ஓடும் ஒரே காட்சியைச் சிறு பிள்ளை ஒவ்வொரு தடவையும் புதிதாக நடப்பதாக எடுத்துக்கொள்ளும். ஆறு ஏழு வயதில், "கொடியில எங்களுக்கு ஏன் கோடு மட்டும்?" என்ற கேள்வி வரலாம். நேராகச் சொல்லுங்கள்: 1948 இல் ஏற்றியது சிங்கக்கொடி, தமிழருக்கெனச் செம்மஞ்சள் கோடும் முஸ்லிம்களுக்கெனப் பச்சைக் கோடும் 1951 இல் சேர்ந்தன, அது போதுமா என்று பெரியவர்கள் இன்னும் கதைக்கிறார்கள், நீ என்ன நினைக்கிறாய்? எட்டு வயதளவில் 1983 ஜூலையைச் சொல்லலாம். வீடுகள் எரிந்ததையும் சொல்லுங்கள், தமிழ்க் குடும்பங்களைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்த சிங்கள அயலவர்களையும் சொல்லுங்கள். அதைச் சொல்கிறவர்கள் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியதையும் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு நடந்ததை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு, அநியாயம் என்பது மற்றவர்கள் மட்டும் செய்வது என்றே பதியும். இந்த இடத்தில் எங்களுக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

இறுதியாக, பத்திரிகை ஆசிரியரான உங்களிடம் ஒரு வேண்டுகோள். எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகும் ஏழு வயதுப் பிள்ளை வீட்டில் கைக்கெட்டிய எல்லாவற்றையும் வாசிக்கும், ஞாயிறு பத்திரிகையின் மணமகள் தேவை விளம்பரங்களையும்தான். "சிவந்த நிறம்" என்ற சொல்லை அந்தப் பக்கத்தில் இனி ஏற்பதில்லை என்று தமிழ்ப் பத்திரிகைகள் முடிவெடுக்க வேண்டும். அதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை, விளம்பரப் பிரிவுக்கு ஓர் அறிவித்தல் போதும். சாதியையும் எடுத்துவிடக் கேட்கிறோம். அது கஷ்டம் என்றால் முதலில் நிறத்தையாவது எடுங்கள். குற்றச் செய்திகளில், குற்றத்தோடு தொடர்பில்லாதபோது சந்தேகநபரின் இனத்தைக் குறிப்பிடுவதையும் நிறுத்துங்கள். சிறுவர் பகுதியில் வாரத்துக்கு ஒரு கேள்வியை, மேலே காட்டியதுபோல ஓரிரு வசனப் பதிலோடு வெளியிட விரும்பினால், எழுதித்தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
முன்பள்ளி ஆசிரியர் பயிற்றுநர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.